கோதுமை படாத மிஷின்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். மூக்கண்டப்பள்ளியில் நாங்கள் குடியிருந்த லைன் வீடுகளில் அது எல்லோருக்கும் தெரியும். தண்ணீர் லாரிக்காரரிலிருந்து வீட்டு ஓனர் வரை யாரையும் நான் விட்டதில்லை. பெரும்பாலும் நியாயம் என் பக்கம்தான் இருந்தது. ஒரே ஒருமுறை இல்லாமல் போயிற்று. நானே தேடி வாங்கி, நானே மோட்டார் பூட்டிய ஒரு மாவு மிஷினால் வந்த வினை அது.

இரண்டாயிரம் பிறந்து நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. என் மகளுக்கு அப்போது ஐந்து வயது. வயிறு மட்டும் உப்பி, கையும் காலும் குச்சி குச்சியாக இருப்பாள். எது கொடுத்தாலும் வயிற்றில் தங்காது. "புள்ளைக்குச் சோறு போடுறியா இல்லையா?" என்று ஊரிலிருந்து வந்தவர்கள் எல்லாம் கேட்டுவிட்டார்கள். வேலைக்குப் போகிற தாய் என்றால் கேட்பதற்கு ஆளுக்கு ஒரு கேள்வி இருக்கும். ஓசூரில் ஏறாத ஆஸ்பத்திரி இல்லை. கடைசியில் பெங்களூரில் ஒரு டாக்டர், ரத்தமெல்லாம் எடுத்துப் பார்த்துவிட்டு, பாதி கன்னடமும் பாதி தமிழுமாகச் சொன்னார்: "கோதுமை பேடாம்மா. ஒரு சிட்டிகை மாவுகூட பேடா. அவ வயிறு அதைத் தாங்காது."

நான் அவர் முன்னாலேயே சிரித்துவிட்டேன். சோறு தின்கிற ஜனங்களுக்கு கோதுமை வேண்டாமென்பது ஒரு பத்தியமா? வீட்டுக்கு வந்து அடுப்படியைப் பார்த்த பிறகுதான் சிரிப்பு நின்றது. ரவை கோதுமை. சேமியா கோதுமை. மைதா, பிஸ்கட், பன், டீக்கடை வடையில் சேர்க்கிற மாவு, எல்லாம் அதுதான். பெருங்காயக் கட்டியில்கூடக் கலக்கிறார்கள் என்று கேட்டபோது தலை சுற்றியது. எல்லாவற்றையும் வாரி வெளியே கொடுத்தேன். ரேஷனில் வாங்கிய ஒரு டின் கோதுமை மட்டும், வண்டு விழுந்ததால் யாருக்கும் கொடுக்க மனசு வராமல், கட்டிலுக்கு அடியில் கிடந்தது.

சோறும் மோரும் மட்டும் கொடுத்ததில் வயிற்றுப்போக்கு நின்றது. ஆனால் எடை ஏறவில்லை. முளைகட்டிய கேழ்வரகில் கஞ்சி காய்ச்சிக் கொடுங்கள், உடம்பு தேறும் என்றார் டாக்டர். கேழ்வரகை ஊறவைத்து, துணியில் கட்டி, வெள்ளையாக முளை விட்டதும் நிழலில் காயவைத்து, லேசாக வறுத்து, தேய்த்து முளையை உதிர்த்துவிட்டு அரைக்க வேண்டும். முளைத்த தானியத்துக்கு ஓர் இனிப்பு உண்டு. சர்க்கரை போடாமலே என் மகள் டம்ளரை நக்கி நக்கிக் குடித்தாள். அவள் ஒன்றை விரும்பிக் குடித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அடுப்படியிலேயே நின்று அழுதேன்.

ஆனால் இரண்டாம் வாரமே மறுபடியும் போக்கு. மாவு மில்லில் அரைத்ததுதான் காரணம். அங்கே நாள் முழுக்க கோதுமை ஓடும். மில்காரர் நல்ல மனிதர். "காலைல தொறந்ததும் மொதல்ல உங்களுதத்தான் போட்டுத் தரேன், கவலப்படாதீங்க" என்றார். எனக்குப் பொறுக்கவில்லை. "காலைல தொறந்தா மட்டும்? நேத்து ஓடுன மாவு உள்ள ஒட்டியிருக்குமா இல்லையா? கழட்டிப் பாத்திருக்கீங்களா?" என்று நாலு பேர் முன்னால் கேட்டேன். அவர் முகத்தில் ஈயாடவில்லை. இவ்வளவு விவரமாகக் கேட்டவள் நான்தான், அதை மறந்துவிடாதீர்கள்.

மிக்ஸியில் அரைத்துப் பார்த்தேன். ஜார் சூடாகி, மாவில் கருகல் வாசம் ஏறியது. மகள் வாயில் வைத்ததும் துப்பிவிட்டாள். அப்புறம்தான் வீட்டுக்கென்று ஒரு மிஷின் வாங்குவதென்று முடிவு செய்தேன். கோதுமையே படாத மிஷின்.

பெங்களூர் சிட்டி மார்க்கெட் பக்கம் இரண்டு ஞாயிற்றுக்கிழமை அலைந்தேன். பெட்டி மாதிரி, ஸ்விட்சைத் தட்டினால் அரைத்துத் தருகிற மிஷின்கள் இருந்தன. பார்க்க அழகுதான். ஆனால் உள்ளே இருக்கும் மோட்டாரைத் திறந்து காட்டு என்றால் கடைக்காரர் முழிக்கிறார். நான் வேலை செய்தது மோட்டார் வைண்டிங் யூனிட்டில். செம்புக் கம்பியைச் சுற்றிச் சுற்றி என் விரல் நுனியில் ரேகை தேய்ந்து போயிருந்தது. உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாத மோட்டாரை நான் காசு கொடுத்து வாங்குவேனா? கல் பூட்டிய சின்ன மிஷின் ஒன்றும் இருந்தது. புதுக் கல்லில் பொடி உதிரும், குழந்தைக்கு வேண்டாம் என்று விட்டுவிட்டேன். கடைசியில் பிடித்தது, மேஜை விளிம்பில் திருகி வைத்துக் கையால் சுற்றுகிற வார்ப்பிரும்பு மிஷின். மேலே ஒரு புனல், உள்ளே தானியத்தைத் தள்ளிக்கொண்டு போகும் திருகு, முனையில் பல் வெட்டிய இரண்டு இரும்புத் தட்டு. ஒரு தட்டு நிற்கும், ஒன்று சுற்றும். எல்லாம் கண்ணுக்குத் தெரிந்தது. "தண்ணி மட்டும் ஊத்திக் கழுவிடாதீங்க, துரு ஏறிடும். பிரஷ் போட்டாப் போதும்" என்று சொல்லிக் கொடுத்தார் கடைக்காரர்.

கையால் சுற்றி ஒரு கிலோ அரைப்பதற்குள் தோள்பட்டை கழன்றுவிட்டது. வேலைக்குப் போய்வந்து தினமும் இது ஆகிற காரியமில்லை. எங்கள் யூனிட்டில் பெயிண்ட் உரிந்ததால் ஒதுக்கி வைத்த அரை ஹெச்.பி. மோட்டார் ஒன்று கிடந்தது. அதன் வைண்டிங் என் கையால் சுற்றியது. சூப்பர்வைசரிடம் கெஞ்சிப் பழைய விலைக்கு வாங்கி வந்தேன். என் வீட்டுக்காரருக்கு வேறொரு கம்பெனியில் லேத் வேலை. பழைய இரும்புக் கடையில் நான் பொறுக்கி வந்த புல்லிகளின் துளையை ஷாஃப்ட்டுக்குத் தகுந்த மாதிரி கடைந்து தந்தார். அவர் அதிகம் பேசமாட்டார். இரண்டு பேருக்கும் சேர்த்து நான் பேசிவிடுவேன்.

மோட்டார் நிமிடத்துக்கு ஆயிரத்து நானூறுக்கு மேல் சுற்றும். கை சுற்றுவது அறுபது, எழுபது. முதலில் சின்ன புல்லிக்கும் பெரிய புல்லிக்கும் ஒரே பெல்ட்டைப் போட்டு ஓட்டினோம். பிடித்த பிடியில் மேஜையே நகர்ந்தது. மாவு கைவைக்க முடியாத சூட்டில் கொட்டியது. "மாவு மிஷின் கேட்டியா, ராக்கெட் கேட்டியா?" என்றார் என் வீட்டுக்காரர். நடுவில் இன்னொரு ஷாஃப்ட் வைத்து, இரண்டு பெல்ட்டாகப் பிரித்து வேகத்தைக் குறைத்தோம். எழுபது சுற்றுக்கு வந்தது. மாவு கை வெதுவெதுப்பில் இறங்கியது. பெல்ட்டுக்கு வலை அடித்து மூடினோம்.

சோதித்த விதத்தையும் சொல்ல வேண்டும். எங்கள் யூனிட்டில் எந்த மோட்டாரையும் வெறுமனே ஓடவிட்டு அனுப்ப மாட்டார்கள். லோடு கொடுத்து, அதுவும் தேவைக்கு மேலேயே கொடுத்து, சூடாகிறதா என்று பார்த்த பிறகுதான் பாஸ். அந்தப் பழக்கம் ரத்தத்தில் ஊறிவிட்டது. கஷ்டப்பட்டு முளைகட்டிய கேழ்வரகைச் சோதனைக்குப் போட மனசு வருமா? கட்டிலுக்கு அடியில் கிடந்த டின்னை இழுத்தேன். கோதுமை பெரிய மணி, இழுவை அதிகம். அதை இழுத்துவிட்டால் கேழ்வரகு எம்மாத்திரம்? அந்த டின் முழுவதும் சோதனையிலேயே தீர்ந்தது. மகளைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டுத்தான் ஓட்டினேன். மாவை மாட்டுக்குக் கொடுத்தேன், தலைக்குக் குளித்தேன், தரையைத் துடைத்தேன். மிஷினின் மூடியைத் திறந்து தட்டின் பல்லைப் பிரஷ் போட்டுத் தேய்த்து, இரண்டு கை கேழ்வரகை ஓடவிட்டு அதையும் வெளியே கொட்டினேன். சோதனைக்குப் போட்டது சரக்கில் சேராது என்பதுதான் எங்களுக்குக் கம்பெனியில் சொல்லிக் கொடுத்தது.

அந்தப் பக்கத்து வீட்டு அக்காவைப் பற்றி இப்போதே சொல்லிவிடுகிறேன். அவர் கணவருக்கு ஓசூர் பஜாரில் செருப்புக் கடை. பிள்ளைகள் இரண்டும் பெரியவர்களாகி வாணியம்பாடியில் படித்துக்கொண்டிருந்தார்கள். மதியம் ஸ்கூல் வேன் என் மகளை இறக்கிவிட்டதும், நான் ஷிஃப்ட் முடிந்து வருகிறவரை அவள் அக்காவிடம்தான் இருப்பாள். பெரியம்மா பெரியம்மா என்று அவர் முந்தானையைப் பிடித்துக்கொண்டே திரிவாள். மிஷினுக்கு மாவு பறக்காமல் விழ இரட்டைத் துணியில் ஒரு பை தைத்துக் கொடுத்ததும் அக்காதான். பழைய புடவையில் தைத்தால் போதுமே என்றேன். "பழைய துணில என்னா மாவு ஒட்டியிருக்குமோ, யாருக்குத் தெரியும்? புதுசுலயே தெச்சுட்டேன் கண்ணு" என்றார்.

மிஷின் ஓட ஆரம்பித்த அதே வாரம் நோன்புப் பெருநாள் வந்தது. அக்கா வீட்டில் சொந்தக்காரர் கூட்டம். என் மகள் புதுப் பாவாடை கட்டிக்கொண்டு அன்றைக்கெல்லாம் அங்கேதான் இருந்தாள். மூன்றாம் நாள் அவளுக்கு வயிற்றுவலி. நான்காம் நாள் போக்கு. உடம்பில் இருந்த கொஞ்சநஞ்சச் சதையும் ஒரு வாரத்தில் இறங்கியது. எலும்பு தெரிகிற முதுகைத் தடவிக்கொண்டே எண்ணிப் பார்த்தேன். பெருநாள். பெருநாள் என்றால் சேமியா.

நேராகப் போய் அக்கா வீட்டு வாசலில் நின்றேன்.

"அக்கா, பெருநாளன்னிக்கு புள்ளைக்கு சேமியா குடுத்தீங்களா?"

"இல்ல கண்ணு. எங்க வூட்ல இந்த வாட்டி சேமியாவே காய்ச்சல."

"பெருநாளுக்கு சேமியா காய்ச்சாத வீடு எங்கக்கா இருக்கு? ஆசைக்கு ஒரு ஸ்பூன் குடுத்திருப்பீங்க. குடுத்தேன்னு சொல்லுங்க, டாக்டர்கிட்டயாவது சொல்லணும்ல?"

"அல்லா மேல ஆணையா குடுக்கல."

"அப்ப அவளுக்கு எப்படி வந்துச்சு? காத்துல வந்துச்சா? உங்களை நம்பித்தான விட்டேன்?"

லைன் வீடுகளில் எல்லாக் கதவும் திறந்திருந்தது. பதிலுக்கு ஒரு வார்த்தை திருப்பியிருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும். அக்கா திரும்பி உள்ளே போய்விட்டார். பேச முடியாததால்தான் போகிறார் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

சம்பளம் பிடித்தால் பிடிக்கட்டும் என்று இரண்டு வாரம் லீவு போட்டேன். மகளை வீட்டைவிட்டு வெளியே விடவில்லை. பக்கத்து வீட்டுச் சுவரைத் தட்டி "பெரியம்மா" என்று கூப்பிடுவாள். நான் அதட்டி உட்காரவைப்பேன். அந்தப் பக்கம் தையல் மிஷின் சத்தம் நின்றுவிடும். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி ஓடும். பிள்ளைக்குப் பலம் வரட்டும் என்று தினமும் இரண்டு வேளை கொடுத்த கஞ்சியை மூன்று வேளையாக்கினேன். முளைகட்டுவது, அரைப்பது, காய்ச்சுவது என்று கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன்.

இன்னும் மோசமானது. கண் குழி விழுந்து, எழுந்து நிற்கக் காலில் தெம்பில்லாமல் போனாள். டம்ளரை எடுத்துக்கொண்டு போனால் மட்டும் எழுந்து உட்கார்ந்து குடிப்பாள். அவளுக்குப் பிடித்த கஞ்சியாயிற்றே.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை என் வீட்டுக்காரர் மெதுவாகக் கேட்டார்: "பத்து நாளா அக்கா வீட்டுப் பக்கமே புள்ள போகல. அப்புறம் எப்படி இது?"

"அப்ப நான்தான் விஷம் வைக்கிறேங்கிறீங்களா?" என்று கத்தினேன்.

அவர் கோபப்படவில்லை. "கம்பெனில பீஸ் ரிஜெக்ட் ஆனா என்ன கேப்பாங்க? கடைசியா என்ன மாத்தினேன்னுதான கேப்பாங்க?" என்றார்.

கடைசியாக மாற்றியது மிஷின். கோதுமை படாத மிஷின். ஸ்குரூ டிரைவரை எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தேன். மூடியைத் திறந்தேன். தட்டின் பல் பளபளவென்று சுத்தமாக இருந்தது. தட்டைப் பிடித்திருக்கும் இரண்டு திருகாணிகளையும் கழற்றித் தட்டையே வெளியே எடுத்தேன். இத்தனை நாளும் நான் அதன் முகத்தைத்தான் துடைத்திருக்கிறேன், முதுகைப் பார்த்ததே இல்லை. தட்டுக்குப் பின்னால் இருந்த பள்ளத்தில் மாவு இறுகி அடையாக ஒட்டியிருந்தது. மேலே கேழ்வரகின் பழுப்பு. நகத்தால் சுரண்டினேன். பழுப்புக்குக் கீழே வெள்ளை. வெள்ளை என்றால் வெறும் கோடு இல்லை, ஒரு விரல் கனம். அதன் ஓரம் சிறுகச் சிறுக உடைந்து, ஒவ்வொரு முறை அரைக்கும்போதும் மாவோடு இறங்கியிருக்கிறது.

அந்த மிஷினில் வெள்ளை மாவு தருகிற தானியமாக நான் போட்டது ஒன்றே ஒன்றுதான்.

தலையில் அடித்துக்கொண்டேன். நிஜமாகவே அடித்துக்கொண்டேன், என் வீட்டுக்காரர் கையைப் பிடித்துத்தான் நிறுத்தினார். மில்காரரிடம் நாலு பேர் முன்னால் "கழட்டிப் பாத்திருக்கீங்களா?" என்று கேட்டவள் நான். பிள்ளைக்கு ஒரு நாளைக்கு மூன்று வேளை, என் கையாலேயே, ஊட்டிவிட்டவளும் நான். அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த கஞ்சியைச் சாக்கடையில் ஊற்றினேன். அன்றிலிருந்து சோறும் மோரும்தான். நாலாம் நாள் போக்கு நின்றது. அதற்கு மேல் எனக்கு எந்தச் சாட்சியும் தேவைப்படவில்லை.

அந்த நாலு நாளும் நான் அக்கா வீட்டுக்குப் போகவில்லை. பிள்ளைக்குச் சரியாகட்டும், நிச்சயமாகத் தெரியட்டும் என்று எனக்கே சாக்குச் சொல்லிக்கொண்டேன். உண்மையில் பயம். சண்டைக்குப் போவதற்கு யோசிக்காத கால், மன்னிப்புக்குப் போவதற்கு எழவே மாட்டேன் என்றது. ஐந்தாம் நாள் மாலை, மகளைக் கையில் பிடித்துக்கொண்டு, அந்த இரும்புத் தட்டையும் ஒரு காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு போனேன். தட்டை எதற்கு எடுத்துப் போனேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. வெறுங்கையோடு போக முடியவில்லை, அவ்வளவுதான்.

அக்கா தைத்துக்கொண்டிருந்தார். அவர் கணவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். வாசலுக்கு வெளியே நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். டின் கோதுமை, சோதனை, தட்டின் முதுகு, மூன்று வேளைக் கஞ்சி. எந்தக் கதவு திறந்திருக்கிறது என்று இந்தத் தடவை நான் பார்க்கவில்லை. சத்தமாகவே சொன்னேன். "நீங்க இல்லக்கா, நான்தான்" என்றேன்.

அக்கா தலையைத் தூக்கவில்லை. அவர் கணவர்தான் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் பேசினார்.

"எங்க அண்ணன் குடும்பமே வந்திருந்துச்சும்மா பெருநாளுக்கு. சேமியா இல்லாம என்னா பெருநாள்னு எங்க அண்ணி மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிச்சு. இவ கேக்கலியே. கொழந்தை வூட்டுக்குள்ள ஓடியாடும், எந்தக் கிண்ணத்தையாவது எடுத்து வாயில வெச்சுக்கும்னு, அரிசி பாயசம்தான் காய்ச்சினா. மூணு மாசமா எனக்குச் சப்பாத்தியும் கெடையாது. சக்கரை இருக்குன்னு டாக்டர் சாப்பிடச் சொன்னதே சப்பாத்திதான். ராகி ரொட்டி தின்னுதின்னு பழகிடுச்சு."

"சும்மா இருங்கன்னேன்ல" என்றார் அக்கா.

நான் ஒரு மிஷினைக் கோதுமை படாமல் காப்பாற்ற முடியாமல் போனேன். அவர் ஒரு வீட்டையே காப்பாற்றியிருக்கிறார், அதை என்னிடம் ஒரு வார்த்தை சொல்லிக்கொண்டதுகூட இல்லை.

அக்கா தையல் மிஷினிலிருந்து கையை எடுத்துவிட்டு முதல் தடவையாக என்னைப் பார்த்தார். "சேமியாவுக்காக எனக்கு வருத்தமில்ல. நீ கத்தினதுக்குக்கூட இல்ல, ஒன் வாயி தெரிஞ்சதுதான். நான் ஆணையிட்டுச் சொல்றேன், நீ நம்பல பாரு. இந்தக் கொழந்தை விசயத்துல நான் பொய் சொல்வேன்னு நெனச்சுட்ட பாரு. அதுதான் தங்கச்சி நெஞ்சுல நின்னுபோச்சு."

தட்டைச் சுற்றியிருந்த காகிதத்தைப் பிரித்தேன்.

"பெரியம்மா, நான் நாளைக்கு வரட்டா?" என்று கேட்டாள் என் மகள்.

"நாளைக்கு என்னாடி நாளைக்கு, இப்பவே வா" என்று அக்கா கையை நீட்டினார். அவள் என் பிடியை உதறிவிட்டு ஓடிப்போய் அவர் மடியில் ஏறிக்கொண்டாள். அக்கா அவள் முதுகைத் தடவிப் பார்த்தார். எலும்பு கையில் தட்டியிருக்க வேண்டும், கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் தட்டைப் பிடித்தபடி வாசலிலேயே நின்றேன்.

"இன்னா அங்கயே நிக்கற?" என்றார் அக்கா. "ஒனக்கு வேற தனியாச் சொல்லணுமா? அந்த இரும்ப இங்க குடு. வெந்நில போட்டு நான் தேய்க்கிறேன். நீ தேய்ச்ச லட்சணத்ததான் பாத்தமே."

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன்.